கொஞ்சம் தலைக்கனம் வேண்டும்

ஏ4 தாள் ஒன்றை மடிக்காமல் அப்படியே கிடையாகப் பிடித்து முன்னால் வீசிப் பாருங்கள். இரண்டு முழம்கூடப் போகாது. முன்விளிம்பு சட்டென்று மேலே கிளம்பும், தாள் நிமிரும், ஒரு கணம் தயங்கும், பின்பக்கமாகச் சறுக்கும், இரண்டு புரட்டு புரண்டு உங்கள் காலடிக்கே வந்துசேரும். அதே தாளை ஐந்தாறு மடிப்பு மடித்து வீசினால் தாழ்வாரத்தின் கடைசிவரை போகிறது. எடையில் மாற்றம் எதுவும் இல்லை. ஏ4 என்பது ஒரு சதுர மீட்டரில் 16-இல் ஒரு பங்கு. கடையில் கிடைக்கும் 80 ஜிஎஸ்எம் தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆக ஒரு தாள் 5 கிராம். மடிப்பதற்கு முன்பும் 5, மடித்த பின்பும் 5. காற்றைத் தாங்குகிற பரப்புதான் பாதிக்கும் கீழே போய்விட்டது. இறக்கை தாராளமாக இருந்தபோது பறக்க மறுத்த காகிதம், இறக்கையைச் சுருக்கிய பிறகு பறக்கிறது.

மடித்தால் விமானத்தின் உருவம் வருகிறது, அதனால் பறக்கிறது என்று சொல்லிவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் உருவம் இரண்டாம் பட்சம். மடிப்பு செய்கிற முதல் வேலை, எடையை இடம் மாற்றுவது. காகித விமானம் செய்யும் எல்லா முறைகளையும் எடுத்துப் பாருங்கள்: பள்ளிப் பிள்ளைகள் ராக்கெட் என்று சொல்லும் கூர்மூக்கு மடிப்பாகட்டும், சப்பை மூக்கும் அகன்ற இறக்கையும் கொண்ட கிளைடராகட்டும், எல்லாவற்றிலும் தாளின் முன்பாதிதான் திரும்பத் திரும்ப மடிபடுகிறது. பின்பாதி ஒற்றைத் தாளாகவே கிடக்கிறது. முன்னால் ஆறு அடுக்கு, பின்னால் ஒரு அடுக்கு. தலைக்கனம் கூடுகிறது. பறப்பதற்கு அதுதான் அடிப்படை.

ஏன் என்று பார்ப்பதற்கு முன் அந்த மடிக்காத தாளை இன்னும் கொஞ்ச நேரம் கவனிக்கலாம், ஏனென்றால் பெரிய தலைகளெல்லாம் அதைக் கவனித்திருக்கின்றன. மின்காந்தவியலுக்குச் சமன்பாடு தந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், கேம்பிரிட்ஜில் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த 1853-ஆம் ஆண்டில், காகிதத் துண்டு ஒன்று கீழே விழும்போது ஏன் தனக்குத்தானே சுழன்றுகொண்டு ஒரு பக்கமாக நகர்ந்துபோகிறது என்பதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். கணக்கு அதிகம் போடாமல், காற்று எந்த விளிம்பை எந்த நேரத்தில் அழுத்துகிறது என்று படிப்படியாக யோசித்தே அவர் விடையை நெருங்கினார். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1999-இல், சென்னை ஐஐடியில் பி.டெக். படித்து அமெரிக்கா சென்ற எல். மகாதேவனும் அவருடைய சகாக்களும் அதே கேள்விக்குத் திரும்பினார்கள். அட்டைத் துண்டுகளை விழவிட்டுச் சுழற்சியை அளந்தார்கள். அட்டை அகலமானால் சுழற்சி மெதுவாகிறது, தடித்தால் வேகமாகிறது என்பதற்கு எளிய விதி ஒன்று கிடைத்தது. விழுகிற காகிதம் இயற்பியலில் சில்லறை விஷயமாக எப்போதுமே இருந்ததில்லை.

சரி, தாளின் முன்விளிம்பு ஏன் எழும்புகிறது? தட்டையான தகடு ஒன்று காற்றில் சற்றே மூக்கைத் தூக்கியபடி முன்னேறும்போது, காற்று அதைத் தூக்கும் விசை தகடு முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. முன்விளிம்புக்குப் பக்கத்தில்தான் அதிகம். எல்லாவற்றையும் கூட்டி ஒரே புள்ளியில் செயல்படுவதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ கால்பங்கு தூரத்தில் விழும். தாளின் எடையோ நட்டநடுவில், அரைப்பங்கு தூரத்தில் இருக்கிறது. முன்னால் ஒரு கை தூக்குகிறது, நடுவில் ஒரு கை இழுக்கிறது. மூக்கு மேலே போகாமல் என்ன செய்யும்? மேலே போகப்போகக் காற்று இன்னும் பலமாக மோதும், தாள் நிமிரும், வேகம் செத்துப்போகும். மடிப்பு என்பது அந்த எடையை முன்னால் தள்ளி, தூக்கும் விசை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும் வேலை.

எவ்வளவு முன்னால் வைப்பது என்பதுதான் சிக்கல். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரான் கணித நிறுவனத்தில் லீஃப் ரிஸ்ட்ரோஃப் என்பவருடைய ஆய்வகம் இருக்கிறது. அவரும் ஹுய்லின் லி, டிரிஸ்டன் குட்வில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேன் வாங் ஆகியோரும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, எனக்குத் தெரிந்து காகித விமானத்தைப் பற்றிய மிக அழகான சோதனை. அவர்கள் விமானமே மடிக்கவில்லை. மெல்லிய தாளை எடுத்து, முன்பக்கத்தில் செம்புப் பட்டையை ஒட்டினார்கள். பட்டையின் எடையையும் இடத்தையும் மாற்றினால் எடைமையம் நகரும், மற்றதெல்லாம் மாறாமல் இருக்கும். இப்படிச் செய்த தாள்களை ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டார்கள். விசைகளை நுணுக்கமாக அளப்பதற்கு, தண்ணீர்த் தொட்டியில் பிளாஸ்டிக் தகடுகளையும் வைத்துச் சோதித்தார்கள்.

எடைமையம் நடுவில் இருந்தால் தாள் புரண்டோ ஊசலாடியோ விழுந்தது. நாம் வீட்டில் பார்த்த அதே காட்சி. எடைமையத்தை விளிம்பருகே கொண்டுபோய் வைத்தால் மூக்கு குத்தித் தரையில் பாய்ந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டும், யாரும் கட்டுப்படுத்தாமலே, தாள் நிதானமாகச் சறுக்கிப் பறந்தது. அந்தப் பகுதியிலும் ஒரு ஓரத்தில் மேலும் கீழுமாக அலைந்து பறக்கும், இன்னொரு ஓரத்தில் நேர்கோட்டில் போகும்.

இதுவரை எதிர்பார்த்ததுதான். அவர்கள் கண்டு சொன்ன காரணம்தான் சுவாரஸ்யம். தட்டைத் தகட்டில் தூக்குவிசை செயல்படும் புள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்றோடு தகடு செய்யும் கோணம் குறைந்தால் புள்ளி முன்விளிம்பை நோக்கி நகர்கிறது. கோணம் கூடினால் நடுப்பகுதியை நோக்கிப் பின்வாங்குகிறது. தகடு காற்றுக்குச் செங்குத்தாக நின்றால் விசை நட்டநடுவில் இருக்கும் என்பது யோசித்தாலே புரியும். இப்போது எடைமையம் கால்பங்குக்கும் அரைப்பங்குக்கும் இடையில் எங்கோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு காற்று மூக்கைத் தூக்கிவிடுகிறது. கோணம் கூடுகிறது. தூக்குவிசை எடைமையத்துக்குப் பின்னால் நகர்கிறது. பின்பக்கம் தூக்கப்பட்டு மூக்கு தானாகத் தாழ்கிறது. மூக்கு அதிகமாகத் தாழ்ந்துவிட்டால் விசை முன்னால் வந்து மூக்கைத் தூக்கிவிடுகிறது. விமானி இல்லை, வால் இல்லை, கணினி இல்லை. வெறும் தட்டையான தாள் தன்னைத்தானே நேர்செய்துகொள்கிறது.

உண்மையான விமானத்தின் இறக்கையில் இது நடக்காது. வளைந்த இறக்கையில் புள்ளி எதிர்ப்பக்கம் ஓடுகிறது: கோணம் குறையும்போது பின்னால் போகிறது. அதாவது மூக்கு தாழ ஆரம்பித்தால் விசை பின்னால் போய் வாலைத் தூக்கி, மூக்கை இன்னும் தாழ்த்துகிறது. ரைட் சகோதரர்கள் 1901-இல் கிளைடரோடு மல்லுக்கட்டியபோது இந்தத் தலைகீழ் நடத்தையைக் கண்டு குழம்பினார்கள். அவர்களுடைய தீர்வு முன்னால் ஒரு சிறு இறக்கையை வைத்து, விமானி அதை ஓயாமல் இயக்கிக்கொண்டே இருப்பது. மற்றவர்கள் பின்னால் வாலை வைத்தார்கள். பயணிகள் விமானத்தின் வால் அழகுக்கு நிற்கவில்லை. வளைந்த இறக்கையின் இந்தக் கோளாறுக்காகவே நிற்கிறது. காகித விமானத்துக்கு அந்த நோயும் இல்லை, மருந்தும் வேண்டாம். அதைப் பெரிய விமானத்தின் சின்ன நகல் என்று கருதுவது அதற்குச் செய்யும் அநியாயம்.

இந்த இடத்தில் நம்மில் பலர் பள்ளியில் படித்த ஒரு விளக்கத்தையும் கழித்துக்கட்டிவிடலாம். இறக்கையின் மேற்புறம் வளைந்திருக்கிறது, மேலே போகும் காற்று கூடுதல் தூரம் போக வேண்டும், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்விளிம்பில் சேர வேண்டும், அதனால் வேகமாகப் போகிறது, அதனால் அழுத்தம் குறைகிறது என்பது அந்த விளக்கம். மேலே போன காற்றும் கீழே போன காற்றும் ஒரே நேரத்தில் சந்தித்தாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது; சோதித்துப் பார்த்தால் மேல்காற்று முன்னதாகவே போய்விடுகிறது. அதைவிட எளிய சாட்சி காகித விமானம். மேலும் கீழும் ஒரே தட்டை. பிறகு எப்படிப் பறக்கிறது? காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று அதை மேலே தள்ளுகிறது. ஒரு தோராயக் கணக்கு போடலாம். 20 செ.மீ. அகலமுள்ள விமானம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், நொடிக்கு 90 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட காற்றைத் தொட்டுப் பிடிக்கிறது. அவ்வளவு காற்றின் எடை 110 கிராம் சொச்சம். அதை நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவான வேகத்தில் கீழே இறக்கினால் போதும், 5 கிராம் தாங்கிவிடும். அறைக்குள் பறக்கும் காகித விமானத்துக்கு அடியில் மிக மெல்லிய கீழ்க்காற்று ஒன்று எப்போதும் இருக்கிறது.

அளவு சிறுத்தால் காற்றின் குணமே மாறிவிடும். ஒரு பொருளின் நீளம், வேகம், காற்றின் பிசுபிசுப்பு மூன்றையும் சேர்த்து ரெனால்ட்ஸ் எண் என்று ஒன்றைக் கணக்கிடுவார்கள். கண்டம் விட்டுக் கண்டம் போகும் விமானத்தின் இறக்கைக்கு அது கோடிகளில் இருக்கும். நம் காகித விமானத்துக்கு 30 ஆயிரம், 40 ஆயிரம். இந்தத் தாழ்ந்த எண்ணில் தடித்த, வழுவழுப்பான, கச்சிதமாக வளைத்த இறக்கை சொதப்பும். மேற்புறத்தை ஒட்டி ஓட வேண்டிய காற்று பாதியிலேயே பிரிந்து போய்விடும். 1940-களில் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் மாதிரி விமானங்களுக்காகச் செய்த சோதனைகளில், இந்த அளவு வேகத்தில் வெறும் தட்டைத் தகடு அன்றைய நல்ல விமான இறக்கை வடிவத்தைத் தோற்கடித்தது. சற்றே வளைத்த மெல்லிய தகடு இரண்டையும் தோற்கடித்தது. காகிதத்தில் தடித்த இறக்கை செய்ய வழியில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

கூர்மூக்கு ராக்கெட்டின் கதை கொஞ்சம் வேறு. அதன் இறக்கை நீளமாகவும் குறுகலாகவும் பின்னோக்கிச் சாய்ந்தும் இருக்கிறது. மூக்கைத் தூக்கியபடி பறக்கும்போது அதன் இரு விளிம்புகளிலும் காற்று சுருண்டு, இறக்கைக்கு மேலே இரண்டு சுழல்களாகப் படுத்துக்கொள்கிறது. அந்தச் சுழல்களின் உள்ளே அழுத்தம் குறைவு, அவையும் தூக்குகின்றன. கான்கார்ட் விமானம் மூக்கை அண்ணாந்தபடி தரையிறங்கியது இந்த உதவியை நம்பித்தான். ராக்கெட் வேகமாகப் போகும், அடித்து வீசினாலும் தாங்கும். நிதானமாக மிதக்கும்படி கேட்டால் முடியாது.

மடித்தாயிற்று, வீசினோம், மூக்கு குத்துகிறது. பெரும்பாலோர் இங்கே தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு வடிவத்துக்குப் போகிறார்கள். வடிவத்தில் குற்றம் இல்லை. இறக்கையின் பின்விளிம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, உடம்பை ஒட்டிய பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்கு, ஒரு மில்லிமீட்டர் மட்டும் மேலே வளைத்துவிடுங்கள். மடிக்கக் கூடாது, மடித்தால் கோடு விழுந்து காற்றைத் தடுக்கும். காகிதத்தை உருட்டிவிடும் அளவுக்கு மென்மையாக வளைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. மீண்டும் வீசினால் அதே விமானம் கிடையாகப் போகும். மேலே வளைந்த பின்விளிம்பு வாலைக் கீழே அழுத்துகிறது, மூக்கு நிமிர்கிறது.

இந்த ஒரு மில்லிமீட்டருக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சு இளைஞர் இருக்கிறார். 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ, ரப்பர் முறுக்கில் ஓடும் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். 11 நொடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் போயிற்று. தூரத்தைவிட முக்கியம், அது யாரும் தொடாமல் நேராகப் போனது. வாலை இறக்கையைவிடச் சற்றுத் தாழ்ந்த கோணத்தில் அவர் வைத்திருந்தார். வேகம் கூடினால் வால் கூடுதலாக அழுத்தி மூக்கைத் தூக்கும்; வேகம் குறைந்தால் அழுத்தம் குறைந்து மூக்கு தாழும். அவருக்கும் முன்னால், 1804-இலேயே இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்ற பிரபு, பட்டத்தை இறக்கையாக வைத்து, வாலைத் திருப்பவும் எடையை முன்பின் நகர்த்தவும் வசதி செய்து ஒரு கிளைடர் மாதிரியைச் செய்திருந்தார். எடையை நகர்த்துவது, பின்பக்கத்தை வளைப்பது: இன்றைக்கும் நாம் காகித விமானத்தில் செய்வது இவை இரண்டும்தான். பெனோ தகுந்த ஆதரவு கிடைக்காமல் 30 வயதில் 1880-இல் தற்கொலை செய்துகொண்டார்.

வளைவு அதிகமாகிவிட்டால் எதிர்ப்பக்கத் தொல்லை வரும். விமானம் மேலே ஏறும், வேகம் இழந்து நிற்கும், மூக்கு சரிந்து இறங்கும், வேகம் பிடிக்கும், மறுபடி ஏறும். ஊஞ்சலில் நடப்பதும் இதுதான்: உயரம் வேகமாக மாறுகிறது, வேகம் உயரமாக மாறுகிறது. இங்கிலாந்துப் பொறியாளர் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1908-இல் வெளியிட்ட நூலில் இந்த அலைப்பாதையை விரிவாக ஆராய்ந்து ஃப்யூகாய்டு என்று பெயர் வைத்தார். அவருடைய எளிய கணக்கின்படி, ஓர் ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் நேரம் விமானத்தின் எடையையோ வடிவத்தையோ சார்ந்ததே இல்லை. வேகத்தை மட்டும் சார்ந்தது. நொடிக்கு 3 மீட்டர் போகும் காகித விமானத்துக்கு அது 1.4 நொடி. நொடிக்கு 250 மீட்டர் போகும் ஜெட் விமானத்துக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. காகித விமானமும் ஜெட்டும் ஒரே சூத்திரத்துக்குள் அடங்கும் அபூர்வமான இடம் இது.

இடதோ வலதோ திரும்பிக்கொண்டே போனால், கோளாறு பெரும்பாலும் மடிப்பின் சமச்சீரில் இருக்கும். பின்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் தெரிந்துவிடும்: ஒரு இறக்கை முறுகியிருக்கும், அல்லது ஒன்று மேலேயும் மற்றொன்று தாழ்ந்தும் நிற்கும். இறக்கைகள் இரண்டும் கிடைமட்டத்தைவிடச் சற்றே மேல்நோக்கி, ஆங்கில ஒய் எழுத்தின் இரு கைகளாக நிற்பது நல்லது. ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் அந்தப் பக்கமாகச் சறுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கைக்குக் கூடுதல் கோணத்தில் காற்று கிடைத்து அது தூக்கப்படும். கையை விட்டதும் மடிப்பு விரிந்து இறக்கைகள் தாமாக மேலே வரும் என்பதால், கையில் இருக்கும்போது கிடையாக வைத்தால் காற்றில் சரியாக இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. காற்றில் எப்படி இருக்கப்போகிறது என்று நினைத்து வைக்க வேண்டும்.

காகிதத்தைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. ஆலையில் கூழ் ஓடும் திசையில் இழைகள் படிந்துவிடுவதால் ஒவ்வொரு தாளுக்கும் நார் ஓடும் திசை உண்டு. தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இலகுவாக வளையும். அதுவே நாரின் திசை. அச்சுப்பொறிக்கான ஏ4 தாள்களில் பொதுவாக நீளவாக்கில் ஓடும். விமானத்தின் முதுகெலும்பான நடு மடிப்பும் நீளவாக்கில்தான் வருகிறது என்பதால் அது கூர்மையாக விழுகிறது. குறுக்கே மடித்தால் அடம்பிடிக்கும். நகத்தால் நீவுவதைவிட ஸ்கேலின் விளிம்பால் அழுத்தி நீவினால் அடுக்குகளுக்கு இடையே காற்று தங்காது. மழைநாளில் ஈரப்பதம் குடித்த தாளில் எவ்வளவு நீவினாலும் இறக்கை தொய்யும். அன்றைக்குப் பறக்கவிடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இந்த மில்லிமீட்டர் வேலைகளையெல்லாம் வெறியோடு செய்கிறவர்கள் உலகில் உண்டு. 1966-67 பருவத்தில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழ் அரை வேடிக்கையாக அறிவித்த சர்வதேசக் காகித விமானப் போட்டிக்குச் சுமார் 12 ஆயிரம் விமானங்கள் வந்து குவிந்தன. அந்த வேடிக்கை பிறகு தீவிரமானது. சாதனை இரண்டு வகை: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம். இரண்டுக்கும் வேண்டிய விமானங்கள் வேறு, வீசும் முறையும் வேறு.

நேரத்துக்கு அமெரிக்க விமானப் பொறியாளர் கென் பிளாக்பர்ன் பல ஆண்டுகள் அரசராக இருந்தார். 1998 அக்டோபர் 8 அன்று அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கில் அவருடைய விமானம் 27.6 நொடிகள் காற்றில் நின்றது. சதுரமான, சாதாரணத் தோற்றமுள்ள கிளைடர். ரகசியம் கையில் இருந்தது. அவர் விமானத்தை முன்னால் எறிவதில்லை. கிட்டத்தட்டச் செங்குத்தாக, உடம்பின் மொத்த பலத்தையும் கொடுத்து மேலே எறிவார். உச்சிக்குப் போய் வேகம் தீர்ந்ததும் அது திரும்பி, வட்டமிட்டு மெல்ல இறங்க ஆரம்பிக்கும். அதாவது ஒரே தாள் இரண்டு வேலை பார்க்க வேண்டும். ஏறும்போது பந்தின் வேகத்தில் போனாலும் இறக்கை கிழியாமல், முறுகாமல், வளைந்து திரும்பிவிடாமல் இருக்க வேண்டும். இறங்கும்போது நடக்கிற வேகத்தில் மிதக்க வேண்டும். வேகமான பகுதிக்குப் பின்விளிம்பை வளைக்கவே கூடாது, மெதுவான பகுதிக்கு வளைத்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

அவரைத் தாண்டியவர் ஜப்பானின் ஹிரோஷிமா மாநிலத்து ஃபுகுயாமாவைச் சேர்ந்த டகுவோ டோடா. 2010 டிசம்பர் 19 அன்று அவருடைய விமானம் 29.2 நொடிகள் பறந்தது. ஓரிகாமி மரபில் வந்தவர்; ஒரே தாள், கத்தரிக்கோல் கூடாது என்பதில் பிடிவாதம் உள்ளவர். அதே மாநிலத்தில் ஒரு குன்றின் உச்சியில் காகித விமானம் விடுவதற்கென்றே ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். மேலே ஏறுகிறவர்களுக்கு மண்ணில் மட்கிப்போகும் தாள் தருகிறார்கள், பள்ளத்தாக்கு குப்பையாகிவிடக் கூடாது என்பதற்காக. வெயிலில் சூடேறிய சரிவிலிருந்து எழும் காற்று வாய்த்தால், அங்கே விடும் விமானம் இறங்காமல் ஏறவும் செய்யும். அதனால்தான் சாதனை முயற்சிகள் எப்போதும் கூரை போட்ட அரங்கில் நடக்கின்றன.

தூரத்தின் கதையில் ஒரு நல்ல சண்டை இருக்கிறது. 2003-இல் ஸ்டீபன் கிரீகர் எட்டிய 63.19 மீட்டர்தான் ஒன்பது ஆண்டுகள் நின்றது. தூரம் என்றால் குறுகிய இறக்கை வைத்த கூர்மையான விமானத்தை ஈட்டியாக எறிவது என்பதே அதுவரை வழக்கம். கலிஃபோர்னியாவின் ஜான் காலின்ஸ் அதை ஏற்கவில்லை. மிதக்கத் தெரிந்த ஒரு கிளைடரைச் செய்து, மனைவியின் பெயரால் சூசேன் என்று அதற்குப் பெயர் வைத்தார். தானே வீசினால் போதாது என்று தெரிந்ததால், பல்கலைக்கழக அணியில் அமெரிக்கக் கால்பந்து ஆடிய ஜோ அயூபைக் கூட்டிவந்தார். 2012 பிப்ரவரி 26 அன்று சாக்ரமெண்டோ அருகே ஒரு விமானக் கொட்டகைக்குள் அயூப் வீசினார். விமானம் மேலே ஏறி, உச்சியில் ஏறத்தாழ நின்றே போய், பிறகு மூக்கைத் தாழ்த்தி நிதானமாகச் சறுக்கிக்கொண்டே போனது. 69.14 மீட்டர். மடித்தவர் ஒருவர், எறிந்தவர் ஒருவர் என்பதால் இது ஏமாற்று என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. விமானம் கட்டுகிறவரே ஓட்ட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லையே.

பிறகு ஈட்டிக்காரர்கள் திரும்பி வந்தார்கள். 2022 ஏப்ரலில் தென்கொரியாவில் ஒரு குழு 77.134 மீட்டர் எட்டியது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று அமெரிக்காவின் இண்டியானாவில் போயிங் நிறுவனப் பொறியாளர்கள் டில்லன் ரூபிள், காரெட் ஜென்சன், நேதன் எரிக்சன் மூவரும் 88.318 மீட்டருக்குக் கொண்டுபோனார்கள். விதி அனுமதிக்கும் அதிகபட்சக் கனமான 100 ஜிஎஸ்எம் ஏ4 தாள், ஒரு விமானத்தை மடிக்க இருபது நிமிடத்துக்கு மேல், தரையிலிருந்து ஏறத்தாழ 40 டிகிரி கோணத்தில் முழு பலத்தோடு எறிதல். இலேசான தாளைவிடக் கனமான தாள் தூரம் போவது விந்தையாகத் தோன்றலாம். எறியும் கை ஒன்றே. அதே வேகத்தில் விட்டால் கனமான பொருளைக் காற்று மெதுவாகத்தான் நிறுத்துகிறது. நேரச் சாதனைக்கு எடை பகை, தூரத்துக்குத் துணை. ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று பறந்த முதல் பறப்பு 12 நொடி, 36.5 மீட்டர். காகிதம் இரண்டு கணக்கிலும் அதைத் தாண்டிவிட்டது. காலின்ஸின் விமானத்தில்தான் எனக்கு இன்னும் மனம் நிற்கிறது. ஈட்டி தூரம் போவதில் வியப்பு குறைவு. 5, 6 கிராம் காகிதம் உச்சியில் வேகமெல்லாம் தீர்ந்த பிறகு, தன் எடையையே எரிபொருளாக்கி இன்னும் பாதித் தூரம் போவது வேறு வகை.

எடை குறைவு என்பது எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்குக் கடைசியாக ஓர் உதாரணம். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஷின்ஜி சுசுகி, விண்வெளி நிலையத்திலிருந்து காகித விமானத்தைப் பூமிக்கு விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். டோடாவும் அதில் சேர்ந்துகொண்டார். கேலி செய்யத் தோன்றும். ஆனால் கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. விண்வெளி ஓடம் பூமிக்குத் திரும்பியபோது அதன் ஓடுகள் 1200 டிகிரிக்கு மேல் சூடேறியதற்குக் காரணம், டன் கணக்கான அதன் எடை. அடர்த்தியான காற்றுக்குள் நுழையும்வரை அதன் வேகம் பெரிதாகக் குறையவில்லை. காகிதம் அப்படியில்லை. காற்று மிக மிக மெலிந்திருக்கும் உயரத்திலேயே அதன் வேகம் வடிய ஆரம்பித்துவிடும். உரச அங்கே காற்றே அதிகம் இல்லை. 2008-இல் வேதிப்பூச்சு கொடுத்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விமானத்தைக் காற்றுக்குகையில் வைத்து ஒலியைப்போல் 7 மடங்கு வேகக் காற்றை அதன்மேல் செலுத்தினார்கள். வெப்பம் 200 டிகிரியைத் தாண்டியது. விமானம் எரியவில்லை, மடிப்பும் கலையவில்லை. விண்வெளியிலிருந்து விடும் திட்டம் மட்டும் நிறைவேறவில்லை. விமானத்தில் வைக்கக்கூடிய எடைக்குள் அடங்கும் இடங்காட்டி எதுவும் கிடைக்கவில்லை. எந்தக் கண்டத்தில், எந்தக் கடலில் விழும் என்று சொல்ல வழியில்லாதபோது, யாரைப் போய்ப் பொறுக்கி எடுத்து வரச் சொல்வது?